மணக்குடி முதல் ஆலப்பாடு வரை: இரண்டாவது நடுக்கத்தின் கரையோரம்

முதல் நாள், டிசம்பர் 25, 2024
கன்னியாகுமரி, மணக்குடி

ஒன்பதாம் வகுப்பில் நிலநடுக்கம் பாடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், பெரிசு ஒண்ணு வந்து முடிஞ்சிட்டா, அப்புறம் வாறது எல்லாம் சின்னதுதானே?" "ஆமா, அதுக்குப் பேரு பின்னதிர்வு. போகப்போகக் குறையும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது. பெரும்பாலான நேரம் அது சரியான பதில். ஆனால் அந்தப் பையனின் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "பெரும்பாலும்" என்ற சொல்லை விட்டுவிட்டு அவனுக்குப் பதில் சொன்னது தப்பு. அதுவும் 2005 மார்ச் 28 இரவு செருப்புகூடப் போடாமல் ஓடியவள் நான்.

அதனால்தான் இந்தப் பயணம். அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள். குமரி முனையில் தொடங்கி, மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு, தமிழும் மலையாளமும் கலக்கும் ஊர்களைத் தாண்டி, கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு வரை. அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன். சுனாமி வந்து இருபது ஆண்டு ஆகிறது என்று இந்த வாரம் எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுத நினைப்பது அதற்கு 92 நாள் கழித்து வந்த இரண்டாவது நடுக்கத்தைப் பற்றி.

துணைக்கு மணக்குடி அத்தை. எழுபத்திரண்டு வயது. "ஆலப்பாட்டுலயும் கடல் ஏறிச்சுன்னு அன்னைக்கே சொன்னாவ மக்ளே. ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல. நானும் வாறேன்" என்று பையைக் கட்டிவிட்டார்.

கன்னியாகுமரியில் கிறிஸ்துமஸ் கூட்டம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கட்டிய கண்ணாடிப் பாலத்தை இன்னும் சில நாளில் திறக்கப் போகிறார்கள். 133 அடி சிலையின் பீடத்தில் 2004-ல் அலை மோதிய படம் பலருக்கும் நினைவிருக்கும். அன்று பாறையில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளைக் கரை சேர்த்தவர்கள் மீனவர்கள். தங்கள் வீடு என்ன ஆனதோ என்று தெரியாமலே படகெடுத்துப் போயிருப்பார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் அத்தை இதை வலியப் போய்ச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மதியம் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் பொழி இங்கேதான். மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தை அலை பெயர்த்துப் போட்டது. இப்போது இருப்பது புதுப் பாலம். அதன் கைப்பிடியில் சாய்ந்தபடி அந்த மார்ச் இரவை நாங்கள் இருவரும் மறுபடி பேசிப் பார்த்தோம்.

2005-ல் ஈஸ்டர் மார்ச் 27. நான் கல்லூரிக் கடைசி வருடம், ஈஸ்டருக்கு அத்தையைப் பார்க்க வந்திருந்தேன். வீடு போய், தற்காலிகக் குடியிருப்பில் இருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை இரவு, சாப்பிட்டுப் பாய் விரித்த நேரம். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. "சுமத்ராவுல திரும்பவும் குலுங்கிருக்காம், டிவில போடுறான்" என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள். அத்தை எடுத்தது ஒரே ஒரு பொருள். டிசம்பரில் ரேஷன் அட்டை கடலோடு போய், மூன்று மாதம் நடையாய் நடந்து வாங்கிய புது அட்டை. அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தார். மேட்டுத் தென்னந்தோப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தோம். நூறு பேருக்கு மேல் இருக்கும். குழந்தைகள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடல் வரவே இல்லை. விடிந்ததும் திரும்பி நடக்கும்போது ஒரு அண்ணன், "வெறுமனே ஓடினோம்" என்றார். அந்த "வெறுமனே" இருபது வருடமாக என்னைக் குத்துகிறது.

டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மார்ச் 28, ஈஸ்டருக்கு மறுநாள். எங்கள் கரையில் ரொம்ப நாள் வரை பெருநாளுக்கு மறுநாள் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

இரண்டாம் நாள், டிசம்பர் 26
கொளச்சல், கொட்டில்பாடு

விடியற்காலையிலேயே கொளச்சல் வந்துவிட்டோம். பொதுக் கல்லறையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மெழுகுவர்த்தி, பூ, முணுமுணுப்பான செபமாலை. ஒரு பெண் ஒரு பெயரை மட்டும் விரலால் தடவிக்கொண்டே நின்றார். அங்கே நான் எதையும் குறிப்பெடுக்கவில்லை.

கொட்டில்பாட்டில் ஊருக்குப் பின்னால் ஏவிஎம் கால்வாய் ஓடுகிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், திருவிதாங்கூர் காலத்தில் வெட்டியது. கடலுக்கு முதுகைக் காட்டி ஓடிய பலருக்கு இந்தக் கால்வாய்தான் எமனானது. முன்னால் கடல், பின்னால் கால்வாய். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இதே அமைப்பை வேறொரு ஊரில் பார்க்கப் போகிறோம்.

மணலில் வெற்றித் தூணைப் பார்க்கப் போனோம். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். ஒரு கணக்குப் போட எனக்கு இந்தத் தூண் தேவைப்பட்டது. சுமத்ராவின் மேற்கே, கடலடியில் சுந்தா அகழி என்ற நீளப் பள்ளம் இருக்கிறது. பூமியின் மேலோட்டின் பெரிய துண்டுகளைத் தட்டு என்போம். இந்தியப் பெருங்கடலைச் சுமக்கும் தட்டு அங்கே பக்கத்துத் தட்டின் அடியில் புகுந்து போகிறது. இப்படிப்பட்ட இடத்தை அமிழ்வு மண்டலம் என்போம். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு தட்டும் வழுக்கிப் போவதில்லை, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடக்கின்றன. அடியில் போவது மேலே இருப்பதையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. கொளச்சல் போர் நடந்த ஆண்டிலிருந்து 2004 வரை 263 ஆண்டு. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் 13 மீட்டர் கடன். அந்த மாதிரி ஒரு கடனைத்தான் 2004 டிசம்பர் 26 காலை 6:29 மணிக்கு, சில நிமிடங்களில் பூமி தீர்த்தது. சில இடங்களில் தட்டுகள் 15 மீட்டருக்கும் மேல் நகர்ந்தன. மேல்தட்டின் விளிம்பு விடுபட்டு எகிற, அதன் மேலிருந்த கடலும் எகிறியது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9.1 முதல் 9.3 வரை கணக்கிடுகிறார்கள்.

உடைப்பு சுமத்ராவின் வடமுனைக்கு அருகே தொடங்கி, வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் வரை ஓடியது. நீளம் 1,200 முதல் 1,300 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர், இரவு பஸ்ஸில் ஏறினால் விடிந்து விடும். அந்த உடைப்பு அந்தத் தூரத்தை ஐந்து நிமிடத்துக்குள் கடக்கும் வேகத்தில் போனது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது.

சரி, வடக்கே ஓடியது. தெற்கே என்ன ஆனது? அங்கேதான் என் கதை இருக்கிறது. தெற்கே அது சிமலூ என்ற தீவின் அடியில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் என்ன நடக்கும் என்பதை எனக்குக் கொளச்சல் மணலில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். அறுந்த கண்ணிகளை விரித்துக் காட்டி, "ஒரு கண்ணி போனா பக்கத்துக் கண்ணி மேல வலி ஏறும் பிள்ளே. ஒடனே பாக்காட்டா அதும் போவும்." இங்கே வலி என்றால் இழுப்பு. உடைந்த துண்டில் இழுப்பு தளர்கிறது. அதன் முனையில், இன்னும் உடையாத பக்கத்துத் துண்டில், இழுப்பு ஏறுகிறது. ஏறும் அளவு பெரிதாக ஒன்றும் இல்லை, கார் டயருக்குள் அடைத்திருக்கும் காற்றழுத்தம் மாதிரி, அல்லது அதில் ஒன்றிரண்டு மடங்கு. ஆனால் ஏற்கெனவே அறும் நிலையில் இருக்கும் கண்ணிக்கு அது போதும்.

வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லாஸ்கியும் உடனிருந்தவர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். சுந்தா அகழியில் உடைப்புக்குத் தெற்கே உள்ள துண்டிலும், சுமத்ராவின் நிலத்துக்குள் ஓடும் பிளவிலும் இழுப்பு கூடியிருக்கிறது, அங்கே அபாயம் என்று எழுதினார்கள். நேச்சர் என்ற அறிவியல் இதழில் அது வந்தது 2005 மார்ச் 17. பதினோராம் நாள், மார்ச் 28, தெற்குத் துண்டு நியாஸ் தீவின் அருகே உடைந்தது. அளவு 8.6. இந்திய நேரம் இரவு 9:39. மணக்குடியில் நாங்கள் பாய் விரித்த நேரம்.

அவர்கள் தேதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இடம் சொன்னார்கள். அதை வருடங்கள் கழித்துத்தான் நான் படித்தேன். நாங்கள் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு காகிதத்தில் முன்பே காரணம் எழுதப்பட்டிருந்தது என்று தெரிந்தபோது மேசையிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

மூன்றாம் நாள், டிசம்பர் 27
தேங்காப்பட்டணம், தூத்தூர், நீரோடி, பொழியூர்

தேங்காப்பட்டணத்தில் தாமிரபரணி கடலில் சேர்கிறது. இது குழித்துறை வழியாக வரும் எங்கள் தாமிரபரணி, நெல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதைத் தாண்டினால் தூத்தூர்க் கரை. சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாத வரிசை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். 2017-ல் ஓகி புயல் இவர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. இங்கே சுனாமியைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு ஓகிக்குத்தான் போகிறது. நான் இடைமறிக்கவில்லை.

ஒருவர் மட்டும் 2004-ல் ஆழ்கடலில் இருந்தவர். "போட்டு அசையக்கூட இல்ல. வயர்லெஸ்ல கரைய கடல் எடுத்துட்டுன்னு சொல்லச்ச, கிண்டலடிக்கான்னு நெனச்சோம்" என்றார். அவர் சொன்னது அறிவியலோடு அப்படியே பொருந்துகிறது. நடுக்கடலில் அந்த அலை விமான வேகத்தில் போகிறது, ஆனால் உயரம் இல்லை. அன்று வங்கக் கடலுக்கு மேலே கடந்துபோன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, பின்னால் வரும் தண்ணீர் முன்னால் உள்ளதன் மேல் ஏறித்தான் அது சுவராகிறது.

பிறகு ஏன் 8.6 அளவுள்ள மார்ச் நடுக்கம் எங்கள் கரைக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை? முதலில், 2004-ஐ விட அது வெளியிட்ட ஆற்றல் பல மடங்கு குறைவு. அடுத்தது இடம். மார்ச்சில் எகிறிய கடலடியில் பெரும் பகுதி தீவுகளுக்கும் ஆழமில்லாத கடலுக்கும் அடியில் இருந்தது. மேலே தள்ளுவதற்குத் தண்ணீர் குறைவு. நியாஸில் கட்டடம் இடிந்து ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள், அருகில் இருந்த கரைகளில் மூன்று மீட்டர் வரை அலையும் ஏறியது. இதை எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நமக்கு வரவில்லை என்பதோடு அந்த இரவு முடிந்துவிட்டது.

நீரோடிதான் தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். அடுத்தது பொழியூர், கேரளம். களியக்காவிளையில் இருக்கும் சோதனைச் சாவடி மாதிரி இங்கே ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு கடைப் பலகையில் தமிழ், அடுத்த கடைப் பலகையில் மலையாளம். இரண்டு கடைக்காரர்களும் பேசுவது ஏறக்குறைய ஒரே பேச்சு. எங்கே எல்லை என்று அத்தை கேட்டதற்கு, டீ ஆற்றிக்கொண்டிருந்த சேட்டன் கரண்டியால் தெருவின் இரண்டு பக்கமும் காட்டினார்.

அங்கே உட்கார்ந்து சிமலூவை நினைத்துக்கொண்டேன். அதுவும் எல்லைத் தீவு. 2004-ன் உடைப்பும் 2005-ன் உடைப்பும் முட்டிக்கொண்ட இடம் அதன் அடியில்தான். 2004-ல் தீவின் வடமேற்கு முனை ஒன்றரை மீட்டர் அளவு உயர்ந்தது. கடலுக்குள் இருந்த பவளம் வெயிலில் காய்ந்து வெளுத்தது. மூன்று மாதம் கழித்துத் தென்கிழக்கு முனையும் அதே மாதிரி உயர்ந்தது. நடுவில் மட்டும், இரண்டு தடவையும் சேர்த்தும், அரை மீட்டர் அளவுதான். வீட்டு முற்றத்தில் பாயின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினால் நடுப்பகுதி தொங்குமே, அப்படி. அந்தத் தொங்கும் நடுவில் உடைப்பு ஏன் இரண்டு தடவையும் நின்றது என்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் தோண்டித் துருவுகிறார்கள். இப்படி எல்லைகள் எங்கே என்று தெரிந்தால், ஒரு துண்டு உடைந்ததும் அடுத்து எதன் மேல் கண் வைக்க வேண்டும் என்று தெரியும்.

அந்தத் தீவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உடைப்பு தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும், 2004-ல் சிமலூவின் எழுபதாயிரத்துக்கும் அதிகமான மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்து பேரழிவு செய்திருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டும் கதையுமாக ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்மோங். தரை பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால், ஸ்மோங் என்று கத்திக்கொண்டு மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். எங்கள் கரையில் அப்படி ஒரு சொல் 2004 வரை இல்லை. கள்ளக்கடல் என்ற சொல் உண்டு, சத்தமில்லாமல் வந்து கரையேறும் கடலுக்கு. ஆனால் அது எங்கோ தென்கோடியில் வீசும் காற்று எழுப்பி அனுப்பும் அலை. நிலத்திலிருந்து வரும் கடலுக்கு எங்களிடம் பெயர் இல்லை.

நான்காம் நாள், டிசம்பர் 28
பொழியூர், திருவனந்தபுரம், கொல்லம்

பயணத்திலேயே போன நாள். பூவாறு, விழிஞ்ஞம் இரண்டையும் பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. திருவனந்தபுரத்தில் அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது, ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் காலை நீட்டி உட்கார வைத்தேன். அப்புறம் கொல்லத்துக்கு ரயில். ரயிலில் நோட்டை எடுத்து அந்தப் பையனுக்கான பதிலை எழுதத் தொடங்கினேன்.

பெரிய நடுக்கத்துக்குப் பின்னால் வருவதில் பெரியது, வழக்கமாக முதலாவதைவிட ஒன்றுக்கு மேல், சுமார் 1.2 அளவு, குறைவாக இருக்கும். 8 வந்தால் 6.8 என்பது போல. நான் வகுப்பில் சொன்னது இந்த வழக்கத்தைத்தான். ஆனால் சில சமயம் பக்கத்திலேயே ஏறக்குறைய சம அளவில் இன்னொன்று வருகிறது. அதை இரட்டை நிலநடுக்கம் என்கிறோம். அமிழ்வு மண்டலங்களில் இது அபூர்வமாக நடந்து முடிந்துவிடும் விஷயமாக இல்லை.

ஜப்பானில் நன்காய் பள்ளம் என்று ஒன்று, அங்கே கிழக்கும் மேற்குமாக இரண்டு பெரிய துண்டுகள். 1707-ல் இரண்டும் சேர்ந்தே உடைந்தன. 1854 டிசம்பரில் ஒன்று உடைந்து 32 மணி நேரத்தில் மற்றது. 1944 டிசம்பர் 7-ல் ஒன்று, அடுத்தது 1946 டிசம்பர் 21. அதே இரண்டு துண்டுகள், இடைவெளி மட்டும் ஒரு தடவை இல்லவே இல்லை, ஒரு தடவை ஒன்றரை நாள்கூட இல்லை, ஒரு தடவை இரண்டு வருடம். இதைப் படித்துக் காட்டியதும் அத்தை, "அப்ப எத்தன நாளுக்குக் காத்துக் கெடக்கணும்?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை அத்தை, என்றேன்.

1854-ன் இரண்டாவது நடுக்கத்தின்போது ஹமாகுச்சி கோர்யோ என்ற ஜப்பானியர் தன் ஊர் மக்களுக்கு இருட்டில் மேட்டுக்குப் போகும் வழி தெரியட்டும் என்று வைக்கோல் போருக்குத் தீ வைத்தார். ஐநா சபை நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்திருப்பது அந்த நாளை வைத்துத்தான், ஜப்பானியப் பழைய நாட்காட்டியில் அது பதினோராம் மாதம் ஐந்தாம் தேதி. முதல் நடுக்கம் அதற்கு முந்தின நாள். உலகம் நினைவு வைத்திருப்பது இரண்டாவது நடுக்கத்தின் நாளை என்பதைப் பாடம் நடத்தும்போது நான் இதுவரை கவனித்ததே இல்லை.

ஜப்பானுக்கு வடகிழக்கே இருக்கும் குரில் தீவுகளில் 2006 நவம்பரில் 8.3, இரண்டு மாதத்தில் 8.1. முதலாவதில் தட்டுகளின் கவ்வல் விட்டது. இரண்டாவதில் அடியில் வளைந்து புகும் தட்டே, வளைவின் வெளிப்பக்கம் கிழிந்தது. சுமத்ராவிலேயே 2007 செப்டம்பர் 12 மாலை 8.4, பன்னிரண்டு மணி நேரத்தில் 7.9. அந்தப் பகுதியில் 1797-லும் 1833-லும் இரண்டு பெரிய நடுக்கங்கள் நடந்திருப்பதை கெர்ரி சீ என்ற நிலவியலாளரும் அவர் குழுவும் பவளத்தைப் படித்து உறுதி செய்திருக்கிறார்கள். பவளம் வற்றுக்கடல் மட்டத்துக்கு மேல் வளராது. நிலம் உயர்ந்தால் தலை செத்துவிடும், தாழ்ந்தால் மறுபடி மேலே வளரும். அறுத்துப் பார்த்தால் வருடம் வருடமாக வளையம். தட்டுகளின் கணக்குப் புத்தகத்தைப் பவளம் எழுதி வைத்திருக்கிறது.

எனக்கு நேரில் தெரிந்த இரட்டை 2012 ஏப்ரல் 11. பள்ளியில் இருந்தேன். பிற்பகல் 2:08-க்கு 8.6, மாலை 4:13-க்கு 8.2. சென்னையிலும் ஆடியது. கடலோரப் பிள்ளைகளின் அம்மாக்கள் பதறிப்போய் வாசலில் நின்றார்கள். ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இருந்ததால் இந்தத் தடவை யாரோ கத்திச் சொல்வதை நம்ப வேண்டியிருக்கவில்லை. அன்று உடைந்தது அகழிக்கு மேற்கே, தட்டின் உள்ளேயே. பக்கவாட்டில் நகர்ந்ததால் கடலடி பெரிதாக மேலெழவில்லை, அதனால் பெரிய அலையும் இல்லை. முதல் நடுக்கத்துக்கு அலை வரவில்லை என்றதும் சிலர் கடலைப் பார்க்கவென்றே கரைக்குப் போனார்கள். அவர்கள் கரையில் நிற்கும்போதுதான் இரண்டாவது வந்தது. இரண்டும் ஒரே வகை என்பதால் தப்பினார்கள். இரண்டாவது வேறு வகையாக இருந்திருக்கலாம், குரிலில் இருந்ததுபோல.

நோட்டில் பையனுக்கு எழுதியது இவ்வளவுதான்: பெரும்பாலும் சின்னதுதான் வரும், தம்பி. ஆனால் அடுத்த சில நாளும் சில மாதமும், நீ முதல் தடவை ஓடிய பாதையை மறக்காதே. மணி அடித்தால் மறுபடி ஓடு.

ஐந்தாம் நாள், டிசம்பர் 29
ஆலப்பாடு, அழீக்கல்

கருநாகப்பள்ளியில் இறங்கி ஆட்டோ. ஆலப்பாடு பஞ்சாயத்தை வரைபடத்தில் பார்த்தால் யாரோ பென்சிலால் கிழித்த கோடு மாதிரி இருக்கும். நேரில் அதைவிட ஒல்லி. மேற்கே அரபிக்கடல், கிழக்கே கால்வாய், நடுவே ஒரு தெரு அகலத்துக்கு நிலம். சில இடத்தில் தெருவில் நின்றாலே இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிகிறது. "கொட்டில்பாடு மாதிரில்லா கெடக்கு" என்றார் அத்தை. நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வடக்கு முனையில் அழீக்கல். காயங்குளம் பொழியின் மேல் 2022-ல் திறந்த வலியழீக்கல் பாலம் வில் வில்லாக நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுற்றுலாக் கூட்டம். ஆலப்பாடு பஞ்சாயத்தில் மட்டும் 2004-ல் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையில் காலை ஒன்பது மணி அளவில் அடித்த அலை இங்கே உச்சத்துக்கு வந்தது நண்பகலை ஒட்டி. சுமத்ராவுக்கும் இந்த ஊருக்கும் நடுவே இலங்கை இருக்கிறது, குமரி முனை இருக்கிறது. நேராக வர வழியே இல்லை. அலை இலங்கையைச் சுற்றி வளைந்தது. மாலத்தீவுப் பக்கம் மோதித் திரும்பியதும் சேர்ந்துகொண்டது. வழி சுற்றி வந்த விருந்தாளி மாதிரி தாமதமாக வந்தது. கிழக்குக் கரையில் அத்தனை பேர் செத்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. இரண்டு மூன்று மணி நேரம் கையில் இருந்தது.

மேற்குக் கரைக்கென்று ஒரு அமிழ்வு மண்டலமும் உண்டு. பாகிஸ்தான், ஈரான் கரையோரம் மக்ரான். 1945 நவம்பரில் அங்கே 8.1 அளவில் நடந்தது, சுனாமி மும்பை வரை வந்து உயிர் பறித்தது. அரபிக்கடல் சாது என்று இந்தக் கரையில் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மாலை, வள்ளிக்காவு நடைபாலத்துக்குத் தெற்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நுழைந்து, உட்கார்ந்துவிட்டோம். அந்தச் சேச்சிக்கு அறுபது வயதிருக்கும். அவர் மலையாளம், அத்தை குமரித் தமிழ், இரண்டுக்கும் நடுவே நான் தேவைப்படவே இல்லை. "கடல் பொறகோட்டு போயி" என்று அவர் கையைப் பின்னால் இழுத்துக் காட்டினார். கடல் பின்னால் போனதும் பிள்ளைகள் மீன் பொறுக்கப் போனதைச் சொன்னபோது அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஏறிய தண்ணீர் சிறிது, பின்னால் வந்ததுதான் வீட்டைக் கொண்டுபோனது என்றார். அலையிலும் முதலாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

மார்ச் இரவைப் பற்றி நான்தான் கேட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் ராத்திரி, நினைவிருக்கா சேச்சி?

"ஞங்ஙளும் ஓடி" என்றார் உடனே. நாங்களும் ஓடினோம்.

அத்தைக்கு முகமே மாறிவிட்டது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அதே இரவில், இன்னொருத்தியும் ஓடியிருக்கிறாள். எதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினீர்கள் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். இவர் ரேஷன் அட்டை, அவர் பேரனின் இன்ஹேலர். "நம்ம ஊர்ல வெறுமனே ஓடினோம்னு சொல்லுவானுவ" என்றார் அத்தை. "எனக்கு அப்படித் தோணல. டிசம்பர்ல ஓட வேண்டிய ஓட்டத்த மார்ச்சுல ஓடிப் பழகினோம்."

பிறகு அத்தை கடலைப் பார்த்து நின்று, சுமத்ரா எந்தப் பக்கம் என்று கேட்டார். அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். கடலுக்கு முதுகு காட்டி, கால்வாய்க்கும் அந்தப் பக்கம் தென்கிழக்கே கையை நீட்டினேன். "அப்ப முதுகுக்குப் பின்னால இருந்தா வந்திருக்கு?" என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எதிரே சுனாமிக்குப் பின் கால்வாய் மேல் கட்டிய நடைபாலம் தெரிந்தது, விளக்கு போட்டிருந்தார்கள்.

"இங்கருந்து பாலத்துக்கு எவ்வளவு நேரம்?"

"பத்து மினிட்டு" என்றார் சேச்சி, கட்டன் சாயா டம்ளரை நீட்டியபடி.

"பகல்லயா, ராத்திரியிலயா?"

சேச்சி டம்ளரைத் திண்ணையில் வைத்தார். நடந்து பார்த்துவிடலாம், வாருங்கள் என்று முண்டைத் தூக்கிக் கட்டினார். அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் அத்தை, கால் வீங்கியிருக்கு என்றேன், கேட்கவில்லை. மணி 6:52. இருட்டிவிட்டது. தெருவில் ஒரு இடத்தில் மணல் குவித்திருந்தார்கள், ஒரு இடத்தில் நாய் மறித்தது, ஒரு இடத்தில் விளக்கு இல்லை, என் போன் வெளிச்சத்தில் போனோம். பாலத்தின் முதல் படியில் அத்தை கால் வைத்தபோது 7:06.